குனிந்து வேலை செய்பவருக்கு எந்தத் தொப்பி?

கேள்வி: "காங்கயம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டமும், மாடு மேய்க்கக் கொரங்காடும் இருக்கின்றன. எனக்கு வயது 43. களை வெட்டுவது, கடலைக்காய் பறிப்பது, மாடு மேய்ப்பது, சீசனில் கொப்பரைக் களத்து வேலை என்று நாளெல்லாம் வெயிலில்தான். இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டாக மங்கு விழுந்துவிட்டது. மருந்துக்கடையில் கொடுத்த ஒரு கிரீம் தடவுகிறேன். ஆன்லைனில் ஒரு ஓலைத் தொப்பி வாங்கினேன். பார்க்க நன்றாக இருந்தது, ஆடிக் காற்றில் பறந்து கிணற்றில் விழுந்துவிட்டது. தென்னைக்குப் போகும் வீட்டுக்காரர், 'தலையில் உருமால் கட்டினால் போதும், தொப்பியெல்லாம் எதற்கு' என்கிறார். பத்தாவது படிக்கும் பையன் கிரிக்கெட் ஆடப் போனால் கேப்பைத் திருப்பிப் போடுகிறான். பங்குனியில் பழனிக்குத் தீர்த்தக் காவடியோடு நடக்கப் போகிறோம். எதைப் பார்த்துத் தொப்பி வாங்குவது?"

பதில்: வணக்கங்க. நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி மாதிரி இருந்தாலும், உள்ளே மூன்று தலைகளும் நான்கைந்து வேலைகளும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே தொப்பி ஒத்துவராது. தோல் மருத்துவரான என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் "எந்தக் கம்பெனி தொப்பி நல்லது டாக்டர்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது, "வேலை செய்யும்போது உங்கள் தலை எந்தப் பக்கம் சாய்கிறது?" என்று.

கடையில் கண்ணாடி முன்னால் நிமிர்ந்து நின்று தொப்பி போட்டுப் பார்க்கிறோம். முகம் முழுக்க நிழல் விழுகிறது, சரி, நல்ல தொப்பி என்று வாங்கிவிடுகிறோம். காட்டில் யார் நிமிர்ந்து நிற்கிறார்கள்? களைக்கொத்தைப் பிடித்துக் குனிந்ததும் முன்விளிம்பு மண்ணைப் பார்க்கிறது. பின்விளிம்பு தூக்கிக்கொள்கிறது. உச்சி வெயில் நேராக இறங்குவது பிடரியில், காதின் பின்பக்கத்தில், ரவிக்கைக்கு மேலே திறந்து கிடக்கும் முதுகில். முகமோ ஏற்கெனவே உங்கள் தலையின் நிழலிலேயே இருக்கிறது. அதனால் குனிந்து செய்யும் வேலைக்கு வாங்கும்போது கடைக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, தொப்பியைப் போட்டுக்கொண்டு களை எடுப்பதுபோல் குனிந்து பாருங்கள். கூட வந்தவரை, கழுத்து தெரிகிறதா என்று பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தால் அந்தத் தொப்பி உங்கள் வேலைக்கு ஆகாது.

இங்கே ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். பிடரி கறுத்திருந்தால் எல்லாமே வெயிலால் வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெல்வெட் துணிபோலத் தடித்து, அக்குளிலும் அதே கறுப்பு இருந்தால் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுங்கள். அதற்குத் தொப்பி மருந்தில்லை.

விளிம்பு எவ்வளவு அகலம் வேண்டும் என்பதற்கு நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. 1992-ல் டிஃபி, சீஸ்மன் என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள் தலை பொம்மைகளுக்கு விதவிதமான தொப்பிகளைப் போட்டு, முகத்தின் எந்த இடத்துக்குப் புற ஊதாக் கதிர் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்து வெளியிட்டார்கள். விளிம்பு 7.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மூக்குக்கு வரும் கதிர் ஏழில் ஒரு பங்காகவும், கழுத்துக்கு ஐந்தில் ஒரு பங்காகவும், கன்னத்துக்கு மூன்றில் ஒரு பங்காகவும் குறைந்தது. மோவாய்க்குப் பாதிதான் குறைந்தது. 2.5 சென்டிமீட்டருக்கும் குறைவான சின்ன விளிம்பு மூக்குக்கு ஏதோ கொஞ்சம் உதவியது, கன்னத்துக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. ஆஸ்திரேலியாவின் புற்றுநோய்க் கவுன்சிலும் பெரியவர்களுக்குக் குறைந்தது 7.5 சென்டிமீட்டர் என்றுதான் சொல்கிறது. அளவுகோல் தேடவேண்டாம். நான்கு விரலைச் சேர்த்து விளிம்பின்மேல் வையுங்கள், விரல்கள் முழுக்க உள்ளே அடங்கினால் போதும். முன்னால் மட்டுமில்லாமல் சுற்றிலும் அதே அகலம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் நாலு விரல், பின்னால் இரண்டு விரல் என்று வெட்டி விற்கும் தொப்பிகள் நிறைய வருகின்றன.

அந்தக் கணக்கில் கன்னத்தைக் கவனித்தீர்களா? அகலமான தொப்பி போட்டும் மூன்றில் ஒரு பங்கு வந்துவிடுகிறது. தலைக்கு மேலிருந்து மட்டும் கதிர் வருவதில்லை, வானம் முழுக்கச் சிதறிப் பக்கவாட்டிலும் வருகிறது. கொப்பரைக் களத்தில் இன்னும் மோசம். காங்கயத்துக் களங்களின் சிமென்ட் தரையில் தேங்காய்ப் பருப்பு வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும்போது, கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கும். அதை எந்தத் தொப்பியும் முழுசாகத் தடுக்காது. விளிம்பின் அடிப்பக்கம் கறுப்பு, கரும்பச்சை, கருநீலம் என்று அடர் நிறமாக இருந்தால் கீழேயிருந்து வரும் வெளிச்சம் விளிம்பில் பட்டுத் திரும்பவும் முகத்தில் விழுவது குறையும், கண்ணும் கூசாது. மேல்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் சூடு குறைவு. இந்த இரண்டும் சேர்ந்த தொப்பி கிடைத்தால் விடாதீர்கள்.

இனி காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த ஊர் நம்முடையது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் பல்லடம், தாராபுரம், உடுமலை வட்டாரமெல்லாம் காற்றாலைகளாக நிற்கின்றன. அந்தக் காற்றில் கட்டாத தொப்பி நிற்காது, உங்கள் ஓலைத் தொப்பிமேல் தப்பில்லை. தாடைக்குக் கீழே கயிறும், அதை இறுக்கும் குமிழும் இல்லாத தொப்பியை வைகாசி முதல் புரட்டாசி வரை நம் பக்கம் வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் தொப்பி என்றால் இரண்டு பக்கமும் துளையிட்டு நாடா தைத்துக்கொள்ளலாம். விளிம்பு மிக அகலமாகப் போனாலும் காற்று தூக்கும். எட்டு, ஒன்பது சென்டிமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உச்சியைப் பிடித்துத் தொப்பியை நன்றாக உதறிப் பாருங்கள். விளிம்பு துவண்டு கண்ணை மூடினால் காட்டில் அரை நாள்கூடப் போட்டிருக்க மாட்டீர்கள், கழற்றிக் கிளையில் மாட்டிவிடுவீர்கள்.

ஆடி மாதத்தில் இன்னொரு ஏமாற்று உண்டு. வானம் மூட்டமாக இருக்கும், காற்று குளுகுளுவென்று அடிக்கும், உடம்பில் வெயில் உறைக்காது. ஆனால் மெல்லிய மேகம் வழியாகப் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம்வரை இறங்கிவிடும். சூடு தெரியவில்லை என்பதற்காகக் கதிர் இல்லை என்று ஆகாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் எரிச்சல் தெரியும்.

கொண்டையைப் பற்றி எந்தத் தொப்பி விளம்பரமும் பேசுவதில்லை. உச்சியில் கொண்டை போட்டால் தொப்பி தலையில் உட்காராமல் கொண்டைமேல் உட்கார்ந்திருக்கும், சின்னக் காற்றுக்கே போய்விடும். கொண்டையைப் பிடரிக்கு இறக்கிப் போடுங்கள், அல்லது பின்னால் திறப்பு உள்ள தொப்பியாகப் பாருங்கள். வேலைக்குப் போகும் கொண்டையோடும், உள்ளே துண்டு போடுவதாக இருந்தால் அந்தத் துண்டோடும் கடைக்குப் போய் அளவு பாருங்கள். நெற்றிக்கும் உள்பட்டைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும்.

கயிறு உள்ள தொப்பியோடு ஒரு ஆபத்தும் வருகிறது, அழுத்திச் சொல்கிறேன். மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கும் மிஷின், பவர் டில்லர், பெல்ட் ஓடும் மோட்டார் பக்கத்தில் போகும்போது தொங்கும் கயிறும் துண்டு முனையும் கூடவே கூடாது. தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டே அந்த வேலையைச் செய்யுங்கள். இழுத்தால் தானே விட்டுக்கொள்ளும் கிளிப் வைத்த கயிறு கிடைத்தால் அது மேல். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கும்போது அது கட்டாயம்.

துணி விஷயத்தில் எல்லாரும் ஏமாறுகிறோம். பக்கத்தில் திருப்பூர் இருப்பதால் பனியன் துணித் தொப்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன. மெத்தென்று இருக்கும், வியர்வை உறிஞ்சும். ஆனால் பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது. தலையில் இழுத்து மாட்டினால் கண்ணி விரிந்து கதிர் உள்ளே போகும். துணி எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு யூ.பி.எஃப். என்று ஒரு எண் போடுகிறார்கள். 50 என்றால் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான், அதாவது 2 சதவீதம்தான் கடந்து போகும். மெல்லிய வெள்ளைப் பனியன் துணிக்கு அது ஏறக்குறைய 7. நனைந்துவிட்டால் 3 வரைகூட இறங்கும். நெருக்கி நெய்த ட்ரில், கேன்வாஸ், டெனிம் எல்லாம் இதைவிடப் பல மடங்கு மேல். சீட்டில் போட்டிருக்கும் எண்ணை நம்ப மனமில்லையா, தொப்பியைக் கடை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து உள்ளேயிருந்து பாருங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வெயிலும் அப்படித்தான் வரும்.

இந்தச் சோதனையில் ஓலைத் தொப்பிகள் பாதிக்குப் பாதி தோற்றுப்போகும். இடைவெளி விட்டுப் பின்னிய அலங்காரத் தொப்பி முகத்தில் சல்லடைபோல வெயிலை விழவிடும். ஆனால் நெருக்கிப் பின்னிய பனையோலைத் தொப்பியை நான் குறை சொல்லமாட்டேன். விறைப்பாகத் தலையைவிட்டு எழும்பி நிற்பதால் உள்ளே காற்று ஓடும், எடையும் இல்லை. கடலைக்காய் பறிப்பதுபோல் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அது நல்ல தொப்பி. மழையில் நனைந்து, மடங்கி, ஓரம் பிய்ந்ததும் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். பருத்தித் தொப்பியோ முதல் சில துவைப்பில் சுருங்கி இழை நெருங்கும், அதுவரை இன்னும் நல்லதாகவே ஆகும். வருஷக்கணக்கில் போட்டு இழை தேய்ந்து மெலிந்த பிறகு அதைப் பாத்திரம் பிடிக்கும் துணியாக்கிவிடலாம்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் கட்சிக்கு வருகிறேன். உருமாலை நான் ஒதுக்கவில்லை. நாலைந்து மடிப்பாகச் சுற்றிய பருத்தித் துணி உச்சித்தலைக்கு அருமையான காப்பு, வழுக்கை விழுந்தவருக்கு இன்னும் நல்லது. வியர்வையைக் குடிக்கும், நனைத்துக் கட்டினால் தலையைக் குளிர்விக்கும், சுமை தூக்கினால் சும்மாடாகும், சாப்பிட்டால் கை துடைக்கலாம். எந்தத் தொப்பி இத்தனை வேலை செய்யும்? அது செய்யாத வேலை ஒன்றுதான்: நிழல் தராது. மூக்கு, காது, கன்னம், பிடரி நான்கும் வெளியேதான் நிற்கும். வயதானவர்களிடம் காதின் மேல்நுனியிலும் கீழுதட்டிலும் ஆறாத புண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அப்படி ஒரு புண் மூன்று நான்கு வாரத்தில் ஆறவில்லை என்றால் உடனே காட்டிவிட வேண்டும்.

ஆனால் அவருக்கு நான் அகல விளிம்புத் தொப்பியைச் சொல்லப் போவதில்லை. தென்னைக்குப் போகிறவர் பாதி நேரம் அண்ணாந்து பார்க்கிறார். தொரட்டியைப் பிடித்துக்கொண்டு குலையைப் பார்க்க முகத்தைத் தூக்கியதும் பின்விளிம்பு தோளில் முட்டித் தொப்பி முன்னால் கண்ணுக்கு மேல் தள்ளிக்கொண்டு வரும். மரம் ஏறுகிறவருக்கு அது ஆபத்தும்கூட. அவருக்கு ஏற்றது, முன்னால் கேப் மாதிரி நீட்டலும், காதிலிருந்து காதுவரை பின்னால் தொங்கும் துணியும் வைத்த தொப்பி. முன்நீட்டலும் பின்துணியும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர வேண்டும், நடுவில் இடைவெளி விட்டால் காது வெந்துபோகும். அது கிடைக்கவில்லை என்றால் சாதாரண கேப்புக்குக் கீழே ஈரோட்டுத் துண்டு ஒன்றை விரித்துப் பின்னால் தொங்கவிடச் சொல்லுங்கள். உருமால் கட்சியும் தோற்காது. அண்ணாந்து பார்ப்பவருக்குக் கண்ணாடியும் வேண்டும். தூசியும் வெயிலும் சேர்ந்துதான் வெள்ளை விழியில் சதை வளர்கிறது. கண்புரை வருவதற்கும் வெயில் ஒரு காரணம்.

உங்களுக்கும் களை வேலைக்கு இந்தப் பின்துணித் தொப்பியோ, அகல விளிம்புத் தொப்பியும் அதற்குள் பிடரியை மூடும் துண்டும் சேர்ந்த ஏற்பாடோதான் சரி. நம் பக்கம் பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவதைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். தோல் மருத்துவராக நான் அந்தச் சட்டைக்குக் கும்பிடு போடுவேன். காலரைத் தூக்கிவிட்டால் கழுத்தில் பாதி வேலை முடிந்தது.

கொரங்காட்டில் மாடு மேய்க்கும்போது தொப்பியைவிடக் குடை மேல். நிற்கிறீர்கள், மெதுவாக நடக்கிறீர்கள், ஒரு கை சும்மாதான் இருக்கிறது. வெள்வேல மரத்து நிழல் சல்லடை நிழல், அதை நம்பி மதியம் முழுக்க உட்காராதீர்கள். குடையைப் புதிதாகப் பார்க்கும் மாடு இரண்டு நாள் மிரளும், அப்புறம் பழகிவிடும்.

பையன் விஷயம். கேப்பைத் திருப்பிப் போட்டால் பிடரிக்காவது நிழல் கிடைக்கிறது, நேராகப் போட்டால் நெற்றிக்கு மட்டும். இரண்டும் அரைகுறைதான். அகல விளிம்புத் தொப்பி போட்டு ஃபீல்டிங் நிற்கும் டெஸ்ட் கிரிக்கெட் வீரர்களின் படத்தைக் காட்டுங்கள், நீங்கள் சொன்னால் கேட்காதது அதில் நடக்கும். பைக்கின் பின்னால் உட்கார்ந்து மைதானத்துக்குப் போகும்போது தொப்பி பையில், ஹெல்மெட் தலையில். இதில் பேச்சே இல்லை.

எந்த நேரத்தில் தொப்பி கட்டாயம் என்று தெரிந்துகொள்ள உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்வரை கதிர் கடுமைதான். செல்போனில் வானிலை பார்த்தால் புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் யூ.வி. இண்டெக்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 3-லிருந்தே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பக்கம் பங்குனி, சித்திரை மதியங்களில் அது 11-ஐத் தாண்டும், அதற்குமேல் கடுமை என்று வேறு படி கிடையாது. கொங்குப் பகுதிக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது சித்திரை முதல் வாரத்தில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை. நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதும் பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஏறக்குறைய பன்னிரண்டேகாலுக்கு மேல். ஆகவே பதினொன்றிலிருந்து இரண்டுவரை கட்டாய ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிய ஆறு மணிக்கு இறங்கிப் பத்தரைக்குக் கரையேறும் பழைய வழக்கம் எந்தத் தொப்பியையும்விட நல்லது.

பழனிப் பயணத்துக்கு வருவோம். கொடுமுடித் தீர்த்தத்தோடு தாராபுரம் வழியாக நடப்பீர்கள் என்று நினைக்கிறேன். காவடியைத் தோளில் வைத்தால் விளிம்புத் தொப்பி தண்டில் இடித்துக்கொண்டே வரும். காவடி எடுப்பவருக்குப் பின்துணித் தொப்பி அல்லது ஈரத் துண்டு, கூட நடப்பவர்களுக்கு விளிம்புத் தொப்பி. தார்ச்சாலை கதிரை அதிகம் திருப்பி அனுப்பாது, சூட்டைத்தான் கக்கும். அந்தச் சூட்டுக்குத் தொப்பி பதில் சொல்லாது. விடியற்காலையும் சாயங்காலத்துக்கு மேலும் நடங்கள். மோரும் நீராகாரமும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் தாகம் எடுக்கும் முன்னாலேயே குடியுங்கள். நடந்து வருகிறவர் பேச்சு குளறினாலோ, தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ சாமி வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நிழலில் படுக்கவைத்து, துணி தளர்த்தி, தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது.

தொப்பியின் உள்பட்டையில் வெள்ளையாக உப்புக் கோடு படிந்தால் துவைக்கும் நேரம் வந்துவிட்டது. வியர்வை ஊறிய தொப்பியைச் சுருட்டிப் பையில் வைத்தால் நெற்றியில் தேமலும் கொப்புளமும் வரும். ஒருவர் தொப்பியை மற்றவர் போடவும் வேண்டாம்.

கடைசியாக மங்கு. தொப்பி போட்டாலும் கன்னத்துக்குக் கதிர் வருகிறது என்று பார்த்தோம். கூடவே கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மங்கைக் கிளறும். அதனால் உங்களுக்குத் தொப்பியோடு சன்ஸ்கிரீனும் தேவை, தோல் நிறச் சாயம் கலந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. காலையில் போகும்போது ஒருமுறை, பத்து மணி வாக்கில் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி ஒருமுறை தடவுங்கள். நீங்கள் இப்போது தடவும் கிரீம்தான் எனக்கு உறுத்துகிறது. மங்குக்கு என்று டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் மாதம் வெளுக்கும், அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, ரத்த நரம்பு தெரிந்து, கொஞ்சம் வெயில் பட்டாலே எரியும். பல மாதமாகத் தடவி வந்திருந்தால் ஒரே நாளில் நிறுத்தினாலும் முகம் கொதித்துப்போகும். அந்த ட்யூபைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் இந்த வாரமே காட்டுங்கள்.